பாதிச் சாவி

மோர்ப்பண்ணை விலக்கைத் தாண்டிக் கொஞ்ச தூரம்.
பின்கதவுக் கயிறு அவிழ்ந்ததென்று நிறுத்தினேன்,
அவ்வளவுதான் நான் செய்த தப்பு.
திரும்பச் சாவி போட்டால்
க்ருக் க்ருக் க்ருக் என்று சுற்றுகிறது,
பிடிக்க மாட்டேன் என்கிறது.

மணி நாலு பத்து.
பின்சீட்டைக் கழற்றி எறிந்த சான்ட்ரோவில்
எட்டுப் பெட்டி நீலக்கால் நண்டு.
ஆறரைக்குள் கம்பெனித் தராசில் ஏற வேண்டும்,
உயிருக்கு ஒரு விலை,
செத்ததற்கு அவர்கள் சொல்வதுதான் விலை.

பேட்டரிக்கா, என்றான் பூவலிங்கம்.
பேட்டரி என்றால் இப்படிச் சுற்றாது,
இருமும், பிறகு அதுவும் இராது.
அப்ப பெட்ரோல், என்றான்.
நேற்று உப்பூரில் ஐந்நூறுக்குப் போட்டேன்.
முள் பொய் சொல்லும். ரசீது
டாஷ்போர்டில் கிடக்கிறது.

இபுறாம்சாவுக்கு அடித்தேன்.
தொண்டியில் மச்சினன் கல்யாணம்,
பிரியாணிச் செம்பு பக்கத்தில் நிற்கிறான் போல,
விறகு வெடிப்பது எனக்கே கேட்கிறது.
"சைலன்சர்ல மூக்கை வையிக்கா."
வைத்தேன்.
வாடைக்காற்று. சேறு. நண்டு.
"பெட்ரோல் வாசம்?"
இல்லை.
"இவ்வளவு சுத்தியுமா?"
இல்லை என்றேனே.

பிளக்கைக் கழற்றச் சொன்னான்.
மாசித்துண்டு போலக் காய்ந்திருந்தது.
வயரில் செருகி, இரும்பில் சாய்த்து
பூவலிங்கத்தைச் சாவி திருப்பச் சொன்னேன்:
நீலமாய் ஒரு பொறி, சொடக்குப் போட்டது போல.
"நெருப்பு இருக்கு. குடிக்கத்தான்
ஒண்ணும் வரலை," என்றான் இபுறாம்சா,
யாரிடமோ உப்புப் போதும் என்று கத்திவிட்டு.

"இப்பச் சாவியைப் பாதி திருப்பு.
பாதிதான். பின்னாடி டேங்க்ல
உய்ங்ங்னு ரெண்டு செகண்ட் கேக்கணும்."

காற்றில் என்ன கேட்கும்?
கண்ணாடிகளை ஏற்றினோம், கதவுகளைச் சாத்தினோம்,
கடல் வெளியே போனது.
ஆறு வருஷமாய் இந்த வண்டி.
அந்த உய்ங்கைத் தினமும் கேட்டிருப்பேன்,
கேட்டேன் என்பது மட்டும் தெரியாது.

பாதி திருப்பினேன்.
ஈரச் சாக்குக்கடியில்
நண்டுகள் பெட்டியைப் பிறாண்டின.
ஐஸ் ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு.
பூவலிங்கத்துக்குச் சளி.
போனுக்குள் தொண்டி அடுப்பு.
எல்லாம் கேட்டது.
கேட்க வேண்டியது கேட்கவில்லை.

"சரி, கண்டுபிடிச்சாச்சு," என்றான்,
கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லாத இடத்தில்.

பியூஸ் நன்றாக இருந்தது.
பானெட்டுக்குள் கறுப்பு டப்பா,
டப்பாவுக்குள் தீப்பெட்டியில் பாதியாய் ரிலேக்கள்.
பம்பு ரிலேயைப் பிடுங்கினேன்:
கால்களில் பச்சை பூத்திருந்தது,
ஒரு கால் விரலோடு பொடிந்து வந்தது.
நாக்கில் வைத்தேன், ஏனென்று தெரியாது.
உப்பு.

"ஹாரன் ரிலேயும் அதே அச்சுதான்.
அதை எடுத்து இதுல குத்து.
ஹாரன் அடிக்காது, பார்த்துப் போ.
எனக்கு இங்க தம் போடணும்."
வைத்துவிட்டான்.

குத்தினேன். பாதி திருப்பினேன்.
பெட்டிகளுக்குக் கீழே
யாரோ உதட்டை மூடிக்கொண்டு முனகியது போல
உய்ங்ங்,
பிறகு நின்றது.
மிச்சப் பாதியைத் திருப்பும் முன்பே
பூவலிங்கம் சிரித்துவிட்டான்.

தேவிபட்டினம் வரை ரோடெங்கும் ஆடு.
அவன் இடுப்புவரை ஜன்னலுக்கு வெளியே,
கதவைத் தட்டித் தட்டி,
ஓரம் ஓரம் ஏய் வெள்ளாட்டுக்காரரே ஓரம்,
தொண்டை கட்டிப் போச்சு.
பதினோரு நண்டு செத்திருந்தது.
அதில் இரண்டைச் செத்ததென்று
நான் ஒத்துக்கொள்ளவில்லை, சண்டை.

புது ரிலே நூற்றெண்பது ரூபாய்.
மூன்று வாரமாகிறது, வாங்கவில்லை.
பூவலிங்கம் இருமல் மிட்டாய் வாங்குகிறான்,
கணக்கில் எழுதுகிறான்.

விடியுமுன் சாவியைப் பாதி திருப்பி
நிறுத்துகிறேன்.
அந்த இரண்டு செகண்ட்
அவன்கூட மூக்கை உறிஞ்சுவதில்லை.